இரண்டு பொட்டணத்திலும் வெள்ளைப் பூ

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தி, மைசூர்த் தலைப்பாகை வைத்து, அரை மணி நேரம் புகழ்ந்தார்கள். தலைப்பாகை அளவு பெரிது. கண்ணை மறைத்துவிட்டது. அதனால் யார் யார் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்தப் பேச்சையெல்லாம் யாராவது உங்களிடம் திருப்பிச் சொல்லியிருந்தால் பாதியைக் கழித்துவிடுங்கள். மீதிப் பாதியை நானே இங்கே கழித்துவிடப் போகிறேன்.

உங்களில் பலருக்கு என் மகள் வயது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படித்தது இங்கிலீஷ். உங்களுக்காகத்தான் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் எனக்குப் பெரிய வாக்கியம் எழுத வராது. எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கணக்குப் பாடம் என்னைப் பிரிய மனமில்லாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

இந்த உதவி வேலையைத் தொடங்கி வைத்த மேடத்தின் ஊதுபத்தித் தொழிற்சாலையில் நான் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் இதய நோயுள்ள குழந்தைகளுக்கு உதவ ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஏன் இதயம், ஏன் குழந்தைகள் என்று எல்லோரும் அவரைக் கேட்பார்கள். பத்திரிகைக்காரரிடம் ஒரு காரணம் சொல்வார், சாமியாரிடம் வேறொன்று சொல்வார். நான் கேட்டபோது, “சும்மா இருக்க முடியலை பழனியவரே” என்றார்; பழனி என்ற என் பெயரோடு கன்னட மரியாதை சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவார். அதுதான் நிஜக் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மருத்துவமனைக்காரர்கள் ஒருமுறை பெரிய இயந்திரம் ஒன்று கேட்டார்கள். மேடம் சரி என்றார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று நாள் வார்டு வராந்தாவில் தாய்மார்களோடு போய் உட்கார்ந்தார். நான்காம் நாள், “இயந்திரம் வரட்டும். அதுக்கு முன்னாடி இவங்க குளிக்க, துணி துவைக்க, கஞ்சி காய்ச்ச ஒரு இடம் கட்டணும். பிள்ளை உள்ளே பிழைச்சுக்கிட்டிருக்கு, தாய் வெளியே செத்துக்கிட்டிருக்கா” என்றார். அந்த இடத்துக்குத் தன் பெயரை வைக்க விடவில்லை. நான் அவருக்குத் தெரியாமல் அவர் படம் போட்டு ஒரு பேனர் அடித்து மாட்டினேன். மறுநாள் அது வராந்தாவில் ஈரத் துணி வைக்கிற விரிப்பாகக் கிடந்தது. படம் கீழ்ப் பக்கம் இருந்தது. என் முதல் பாடம் அது. நான் அதிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை இனிமேல் பார்ப்பீர்கள்.

பேக்கிங் ஆளை மேடம் இந்த வேலைக்கு இழுத்ததற்கு என் திறமை காரணமில்லை. நான் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்தான். அந்தப் பக்கத்துத் தமிழ் ஜனங்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசுவேன். இதய நோய் உள்ள பிள்ளைகளைக் கிராமம் கிராமமாகப் போய்க் கண்டுபிடித்து, பெற்றவர்களைச் சம்மதிக்க வைத்து, மைசூருக்குக் கூட்டி வருவது என் வேலை. “சம்மதிக்க வைப்பது” என்ற வார்த்தையை நான்தான் சேர்த்துக்கொண்டேன். மேடம் சொன்னது, “எடுத்துச் சொல்லுங்க” என்பது மட்டுமே.

சம்மதிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம். எந்த வீட்டில் எந்தப் பெரியவரைப் பிடிக்க வேண்டும், எப்போது காபி குடிக்க வேண்டும், எப்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆபரேஷன் என்றால் என்ன என்று கேட்டால், “எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமுங்க, அவ்வளவுதான்” என்பேன். நெஞ்சைத் திறக்கிற வேலையை எறும்பிடம் ஒப்படைத்துவிட்டு ஏழெட்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

கவுசல்யா கதைக்கு வருகிறேன்.

ஹனூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். சித்தராசு என்ற விவசாயி, அவர் மனைவி செல்வி. அவர்களுக்கு ஒரே பெண் கவுசல்யா, ஆறு வயது. எல்லோரும் கவுசி என்பார்கள். நாலடி ஓடினால் உதடு நீலமாகிவிடும். உடனே குந்தி உட்கார்ந்துகொள்வாள். மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது இவள் குந்தியபடியே, “நாந்தான் நடுவர்” என்று சத்தம் போடுவாள். மருத்துவர் பார்த்துவிட்டு, இனித் தள்ளிப்போடக் கூடாது என்றார். வெளியூரிலிருந்து வந்து போகிற அறுவை மருத்துவர் ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கினார். வியாழன் சாயங்காலத்துக்குள் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும். தவறினால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

திங்கட்கிழமை காலை நான் காகிதங்களோடு போய் நின்றேன். எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பு. சித்தராசு நிதானமாகச் சொன்னார்:

“சாமிகிட்டப் பூக் கேக்கோணுமுங்க.”

இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் சாமியிடம் பூக் கேட்டுத்தான் தொடங்குவார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டணமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

“ஏனுங்க, டாக்டரே சொல்லியாச்சு. இதுக்குப் போயிப் பூவா?” என்றேன்.

“கெணறு வெட்டறதுக்கே கேட்டமுங்க. புள்ள நெஞ்ச வெட்டறதுக்குக் கேக்காம உட்டர்றதுங்களா?”

காகிதங்களைக் கையில் பிடித்தபடி அவர் பின்னால் நடந்தேன்.

அவர்கள் நிலத்தோரத்தில் ஒரு சின்ன மாதேஸ்வரன் கோயில். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். பொட்டணத்தை யார் கட்டுவது என்று பேச்சு வந்தது. சொந்தக்காரர் கட்டக் கூடாது, ஆசை உள்ளவர் கட்டக் கூடாது என்பது முறை. சித்தராசு என்னைப் பார்த்தார்.

“அண்ணனே கட்டட்டும். பொதுவான ஆளு.”

பிள்ளைகளே, அந்த இடத்தில், “நான் பொதுவான ஆளில்லைங்க, எனக்கு இதில் ஆசை இருக்கிறது” என்று சொல்லியிருக்க வேண்டும். அது ஒரு வரிதான். சொல்லவில்லை. பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. எனக்கு வெள்ளிக்கிழமை தெரிந்தது. கவுசியின் நீல உதடு தெரிந்தது. மேடத்திடம் போய், “ஒரு பூவால் கெட்டுப்போச்சு” என்று சொல்கிற என் முகமும் தெரிந்தது. எது முதலில் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இரண்டு பொட்டணத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிப்பதில்லை, அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவு விவரமானவன் நான். கையில் மிஞ்சிய செவ்வரளியைக் கீழே போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கற்பூரம் காட்டினார்கள். கவுசி ஒரு பொட்டணத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். செல்வி மண்ணில் விழுந்து கும்பிட்டார். நானும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். எல்லோரையும் விட என் பக்திதான் அதிகமாக இருந்தது.

யாரும் பார்க்காத நேரத்தில் கவுசி அடுத்த பொட்டணத்தை எடுத்துவிட்டாள். செவ்வரளியைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

“அப்பா! இதுலயும் வெள்ளப்பூவு! சாமி ரெண்டு குடுத்திருக்குது!”

குலவை நின்றது. ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். பிறகு என் முகத்திலிருந்து கொஞ்சம் கீழே பார்த்தார்கள். அன்றைக்கென்று நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பையிலிருந்து செவ்வரளி வெளியே தலையை நீட்டி எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தது.

பங்காளிகளில் ஒருவர், “பூ யாவாரமுங்களா அண்ணனுக்கு?” என்றார். சிலர் சிரித்தார்கள். சித்தராசு சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையில் இருந்த மருத்துவமனைக் காகிதத்தைக் காட்டிக் கேட்டார்:

“அந்தக் காயிதத்துலயும் இப்புடித்தானுங்களா? ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதானுங்களா?”

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஹனூரிலிருந்து கொள்ளேகால், கொள்ளேகாலிலிருந்து மைசூர். பஸ்ஸில் வரும்போது மேடத்திடம் சொல்ல மூன்று கதைகள் தயார் செய்தேன். முதல் கதையில் பங்காளிகள் குடித்திருந்தார்கள். இரண்டாவதில் பூசாரி காசு கேட்டார். மூன்றாவதில் எனக்குக் காய்ச்சல். சாயங்காலம் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது மேடம் புதிய ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏனாய்த்து?” என்றார். என்ன ஆயிற்று என்று இந்த ஊர்ப் பேச்சில் ஒரே வார்த்தை. மூன்று கதையும் மறந்துவிட்டது. உண்மை மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. அதையே சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கோபமாக இருந்தால்தான் நாற்காலி போடுவார்.

“ஆபரேஷன் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருந்தீங்க?”

“எறும்பு கடிச்ச மாதிரின்னு, மேடம்.”

“அப்போ அதுவும் வெள்ளைப் பூதான்.”

நான் அவசரமாக யோசனை சொன்னேன். “பஞ்சாயத்துத் தலைவரை வைத்துப் பேசலாம் மேடம். இல்லாவிட்டால் டாக்டரையே கூட்டிப் போகலாம். நீங்களே வந்தால் மறுக்க மாட்டார்கள்.”

“வேண்டாம். பெரிய ஆளைக் காட்டினா பயத்துல கையெழுத்துப் போடுவாங்க. நீங்கதானே கெடுத்தீங்க, நீங்களே போங்க.” பிறகு ஒன்று கேட்டார்: “இந்த ஆபரேஷன்ல என்னென்ன தப்பாப் போகலாம்? சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளே, இதை எழுதக் கை கூசுகிறது. அத்தனை வருடமாக அத்தனை பிள்ளைகளைக் கூட்டி வந்தவனுக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை. கேட்டால் என் பேச்சின் வேகம் குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மேடம் என்னை மருத்துவர் முன்னால் உட்கார வைத்தார். மருத்துவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல நான் என் மகளின் பழைய நோட்டில் தமிழில் எழுதினேன். நெஞ்செலும்பை எப்படித் திறப்பார்கள். இரத்தம் எப்படி இயந்திரத்துக்குள் போய் வரும். அதற்குப் பிறகு எத்தனை நாள் பிள்ளையைத் தாய் தொட முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக வீடு திரும்புகிறார்கள். சில பிள்ளைகள் திரும்புவதில்லை. செய்யாமலே விட்டால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும். அந்தக் கடைசி வரியை எழுதும்போதும் பேனா நின்றது, அதற்கு முந்தைய வரியை எழுதும்போதும் நின்றது. அந்த நோட்டின் அட்டையில் என் மகள் பெயர் இருந்தது. அவளுக்கென்றால் நான் இந்தக் கையெழுத்தைப் போடுவேனா என்று முதல் தடவையாக யோசித்தேன்.

கிளம்பும்போது மேடம் சொன்னார்: “பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போகாதீங்க. சொல்லிட்டு வரப் போங்க.”

“அவங்க வராம இருந்துட்டா, மேடம்?”

“அப்பவும் நாம சொல்லியிருக்கணும்” என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாகப் போய் நான் கேட்டதில்லை. அவருக்கும் பயம்தான் என்று அப்போது புரிந்தது.

புதன்கிழமை போனேன். சித்தராசு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க பூசாரி” என்றார்.

செல்வி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் கீழே வைத்தார். குடித்தேன். பிறகு நின்றபடியே சொன்னேன். “நான் செஞ்சது தப்புங்க. சாமியையும் ஏமாத்தினேன், உங்களையும் ஏமாத்தினேன். எறும்பு கடிச்ச மாதிரின்னு சொன்னதும் பொய்யிங்க. இப்போ டாக்டர் சொன்னதை அப்படியே படிக்கறனுங்க. கேட்டுட்டு என்னைப் போன்னு சொன்னீங்கன்னா போயிடறேன்.”

சித்தராசு கயிறு திரித்துக்கொண்டேயிருந்தார். நான் படித்தேன். “சில பிள்ளைகள் திரும்புவதில்லை” என்ற இடம் வந்ததும் கயிறு நின்றது.

கேள்வியெல்லாம் செல்விதான் கேட்டார்.

“நெஞ்செலும்பு மறுக்காக் கூடிக்குமுங்களா?”

“கூடிக்குமுங்க. கொஞ்ச நாளாகும்.”

“மயக்கம் தெளிஞ்சதும் என்னையக் கேப்பாளே. நானு பக்கத்துல இருக்கலாமுங்களா?”

“மொதல்ல உட மாட்டாங்க அம்மிணி. கண்ணாடி வழியாப் பாக்கலாமுங்க.”

“அவ அழுதா?”

“தெரியலீங்க.”

என் வேலையில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தார். சித்தராசும் பார்த்தார்.

“உங்க புள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று அவர் கேட்டார்.

“கையெழுத்துப் போடுவனுங்க. போட்டுட்டுப் பயந்துக்கிட்டே உக்காந்திருப்பேன்.”

வியாழன் சாயங்காலம்வரை இடம் இருக்கும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவசரப்படுத்துவது போல் ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதை மறைத்தால் அதுவும் ஒரு பொட்டணம்தானே.

“செரி, போயிட்டு வாங்க” என்றார் சித்தராசு. வருகிறேன் என்று சொல்லவில்லை.

வெறுங்கையோடு மைசூர் திரும்பினேன். மேடம், “எல்லாம் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். சொன்னேன் என்றேன். “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டார், சாப்பிட்டாச்சா என்று. அதற்கும் ஆச்சு என்று சொல்லிவிட்டேன். அது பொய். பழக்கம் ஒரே நாளில் போவதில்லை.

வியாழக்கிழமை பகல் முழுவதும் மருத்துவமனை வாசலில் நின்றேன். உள்ளே சேர்க்கிற இடத்தில் இருந்த பெண் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று மணி ஆனது, நான்கு ஆனது. ஊருக்கு ஆள் அனுப்பலாமா என்று, அங்கேயே வந்திருந்த மேடத்திடம் பத்துத் தடவை கேட்டேன். பத்துத் தடவையும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பதினோராவது தடவை கேட்கப் போனபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. சித்தராசு இறங்கினார், செல்வி இறங்கினார். கவுசி இறங்க மறுத்தாள். இன்னொரு சுற்றுப் போக வேண்டுமாம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மறுபடி பூக் கேட்டீங்களா?” என்று செல்வியிடம் கேட்டேன்.

“அது எங்களுக்குஞ் சாமிக்கும்” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. வெள்ளை வந்ததா, சிவப்பு வந்தும் வந்தார்களா, கேட்கவே இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. சித்தராசு தானே ஒருவரைப் பிடித்து, காகிதத்தைக் கன்னடத்தில் வரிவரியாகப் படிக்கச் சொல்லி, நான் நோட்டில் படித்ததும் அதுவும் ஒன்றா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த ஒருவர் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா. சித்தராசு என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. அறுவை அரங்கு மாடியில். கீழே அந்தக் குளிக்கிற, துவைக்கிற இடத்துத் திண்டில் சித்தராசும் செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். மேடமும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் மாடிக் கதவருகே நின்றேன். மதியத்துக்கு மேல் மருத்துவர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றி, நன்றாக முடிந்தது, பிள்ளை நன்றாக இருக்கிறாள், இன்னும் இரண்டு மூன்று நாள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் படியில் விழாத குறையாக ஓடி வந்தேன். ஒரு செருப்பு மாடியிலேயே தங்கிவிட்டது.

“நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க! கவுசி நல்லா இருக்கறாளுங்க! ரெண்டு மூணு நாள் கவனமாப் பாக்கோணுமாம்!”

சித்தராசு எழுந்து நின்று என் முகத்தையே பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“இருங்க” என்றார். என்னைத் தாண்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார், நர்ஸிடம் கேட்க.

செல்வி வாயில் முந்தானையை வைத்தபடி நின்றார். அவரும் என்னைப் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் கொண்டுவந்த மிக நல்ல செய்தி, அது முழு உண்மை. அது என் பக்கத்திலேயே யாரும் எடுக்காமல் கிடந்தது.

பிறகு மேலேயிருந்து சத்தம் வந்தது.

“ஏ செல்வி! நெசந்தான்!”

அப்போதுதான் அந்தத் தாய் அழ ஆரம்பித்தார்.